நூற்றுக்கு ஐந்து பேர்

ஓடில் ட்ராஸ்கிளேர் கோபம் வந்தால் கத்தமாட்டாள். குரல் இறங்கிவிடும். கடலோரக் கால்வாய்க் கரை ஊரான ஷோவினில் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டியவள் அவள். முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் கூச்சல் போடும்போது அதற்கு மேலே கத்தி ஜெயிக்க முடியாது என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியில் பார்த்து மெதுவாக ஒரே ஒரு பெயரைச் சொல்வாள். அந்தப் பெயருக்கு உரியவன் வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கமாட்டான். இந்த வருடம் மார்ச் மாதம் காப்பீட்டுக் கம்பெனியின் கடிதத்தைப் படித்தபோதும் அதே குரலில்தான் ஏதோ சொன்னாள். சமையலறையில் வேறு யாரும் இல்லை. என்ன சொன்னாள் என்று நான் கேட்டதற்கு, அச்சில் போடுகிற மாதிரி இல்லை என்றாள்.

கடிதம் சொன்ன சேதி இதுதான். உங்கள் வீட்டுக் காப்பீட்டை ஜூன் மாதத்துக்குப் பிறகு புதுப்பிக்க மாட்டோம். கூரையின் தார் ஓடுகள் சுருண்டிருக்கின்றன, கறை படிந்திருக்கின்றன, ஆயுள் முடிந்துவிட்டது. வானிலிருந்து எடுத்த புகைப்படத்தின் மூலம் இது உறுதி செய்யப்பட்டது.

ஓடில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே படி இறங்கினாள். பதினெட்டுப் படி. ஓதத் தண்ணீர் ஏறி ஏறி வருகிறது என்று பதினாறு வருடத்துக்கு முன்னால் வங்கியில் கடன் வாங்கி வீட்டையே தூக்கி உயரமான மரத் தூண்களின் மேல் நிறுத்தியிருந்தார்கள். சாலையைக் கடந்து கால்வாய்க் கரையில் நின்று திரும்பிப் பார்த்தாள். கூரை வெயிலில் பளபளத்தது. அது தகரக் கூரை. அதில் சுருளுவதற்கு ஓடே கிடையாது.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. காப்பீடு இல்லாத வீட்டை வங்கி பொறுத்துக்கொள்ளாது, தானே ஒரு காப்பீட்டை வாங்கி அவள் தலையில் கட்டும். அந்த விலையை ஒரு பேருந்து ஓட்டுநரின் ஓய்வூதியம் தாங்காது. இந்தக் கால்வாயோரம் எத்தனை வீடுகளில் 'விற்பனைக்கு' என்ற பலகை இப்படித்தான் முளைத்தது என்று ஓடிலுக்குத் தெரியும். அவளும் புருஷன் நோலனும் தொண்ணூற்று நாலில் கையால் கட்டிய வீடு அது. அதை விட்டு அவள் எங்கே போவாள்? ஹியூஸ்டனில் மகள் வீட்டுப் பின்னறைக்கா?

அந்தத் தகரம் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐடா புயல் வந்தபோது நோலன் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. புயல் பாதிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கம்பெனி ஆள் வந்தான், பார்த்தான், எழுதிக்கொண்டான். பிறகு கடிதம் வந்தது. பேர் வைத்த புயல் என்றால் முதல் இவ்வளவு சேதத்தை நீங்களேதான் தாங்க வேண்டும், உங்கள் சேதம் அதற்குள் அடங்கிவிட்டது, ஆகவே எங்களிடமிருந்து ஒன்றும் கிடையாது. இத்தனை வருடம் தவணை தவறாமல் கட்டியவளுக்கு ஒரு ஆணிகூடத் தரவில்லை. தலையில் மிளகாய் அரைப்பது என்றால் இதுதான்.

ஆனால் இந்த ஊரில் கை கொடுப்பது என்று ஒன்று இருக்கிறது. நாலாவது வீட்டு டெல்மர் லெபூஃப், எழுபது வயது, இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் மிசிசிப்பிப் பக்கம் போய் ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரு லாரித் தகரம் ஏற்றிக்கொண்டு வந்தார். பதினொரு பேர் சேர்ந்தார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள். அந்த வீட்டுக்காரர் சோறும் காபியும் போட வேண்டும், அவ்வளவுதான். ஓடில் பெரிய பானையில் கோழியும் தொத்திறைச்சியும் போட்டு, கம்போ என்ற கெட்டிக் குழம்பு காய்ச்சினாள். இரண்டாம் நாள் மாலை, தகரத்துக்கு ரசீது ஏதாவது இருக்கிறதா என்று டெல்மரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. நான் என்ன கடையா வைத்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டு கம்போவைக்கூட முடிக்காமல் எழுந்து போனார். ஒரு வாரம் பேசவில்லை. இங்கே கை கொடுத்தவனிடம் காகிதம் கேட்பது, அவன் அம்மாவைப் பற்றித் தப்பாகக் கேட்பதற்குச் சமம். ஆகவே ஏழு வீட்டில் ஒரு வீட்டிலும் ரசீது இல்லை.

கடிதம் வந்த மறுநாள் ஓடில் பக்கத்து நகரமான ஹூமாவிலுள்ள காப்பீட்டு ஏஜெண்டு அலுவலகத்துக்குப் போனாள். டானா என்ற பெண்தான் அங்கே எல்லாம். ஓடில் போகும்போது தைரியமாகத்தான் போனாள். மூன்று வருடம் ஒரே கம்பெனியில் இருந்துவிட்டால் அவர்கள் நம்மைச் சும்மா வெளியே தள்ள முடியாது என்று இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. பணம் கட்டாமல் போனால், பொய் சொன்னால், வீடு கெட்டுப்போனால் ஒழிய வெளியே தள்ளக்கூடாது. கால்வாயோரத்தில் அதைச் செபம் போல எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஓடில் அந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருடம். அதனால்தான் கூரையைக் கையில் எடுத்திருக்கிறார்கள், கூரையைப் பற்றிச் சொன்னது பொய் என்று காட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று டானாவிடம் சொன்னாள். டானா மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அந்தப் படத்தை எழுத்தில் கேளுங்கள், தரவில்லை என்றால் மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் புகார் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னாள். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், சொல்ல வாய் வரவில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஓடில் எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் படம் வந்தது.

மேலிருந்து பார்த்தால் தன் வீடு இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியதாம். பழுப்பு நிறத் தார் ஓடு, மூலையில் பாசிக் கறை. பழைய கூரை. பக்கத்தில் நண்டுக் கூண்டுகள் அடுக்கியிருந்தன. அதற்கு இந்தப் பக்கம் ஒரு மர மேசை, மேசையருகே வைக்கோல் தொப்பி ஒன்று. தொப்பிக்குக் கீழே புல்லின் மேல் நீளமாக விழுந்த நிழல், இடது கையை இடுப்பில் ஊன்றியிருந்தது.

ஓடில் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி எடுத்துக் கழுவினாள். அந்த மேசையை நோலன்தான் அடித்தான். ஐடாவில் அது போய்விட்டது, எங்கே போயிற்று என்றே தெரியாது. மீன் அறுக்கும்போது இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று முதுகை நிமிர்த்துவது அவன் வழக்கம். இருபத்தேழு வருடம் அந்த ஜன்னல் வழியாக அவள் பார்த்த நிற்பு. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது எல்லாம் கோபம்தான். தன்னை வீட்டைவிட்டுக் கிளப்புவதற்குத் தன் புருஷனையே சாட்சியாகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்ற கோபம். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

மாலையில் டெல்மர் வந்தார். படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்ம நோலன்ல?"

"அவருதான்."

டெல்மர் படத்தை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "உயிரோட இருந்தப்போ ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்க உன்னால முடிஞ்சுதா? இப்ப பாரு, தானா வந்து சாட்சி சொல்றான்."

அதற்குப் பிறகுதான் ஓடில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசினாள். எந்த மாநிலத்திலிருந்தோ ஒரு பையன் எடுத்தான். மரியாதையாகத்தான் பேசினான். இப்போதெல்லாம் கழுத்தை அறுப்பவர்கள் மரியாதையாகத்தான் அறுக்கிறார்கள். படம் இந்த வருடம் ஜனவரியில் எடுத்ததாகப் பதிவு இருக்கிறது என்றான். அது பழைய படம் என்றாள் ஓடில். படம் எடுத்துத் தருகிற நிறுவனத்தின் தேதியை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றான். நானே இன்றைக்குக் கூரையைப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றாள். வீட்டுக்காரர் எடுக்கும் படத்தை ஏற்க முடியாது என்றான். ஓடிலின் குரல் இறங்கியது.

"தம்பி, நான் சொல்றத நல்லா கேட்டுக்க. அந்தப் படத்துல தொப்பி போட்டுக்கிட்டு மீன் அறுக்கிறாரே, அவரு என் புருஷன். செத்து நாலு வருஷமாச்சு. ஜனவரியில எந்திரிச்சு வந்து மீன் அறுத்திருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருக்க மாட்டாரு."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பையன், இறப்புச் சான்றிதழ் அனுப்ப முடியுமா மேடம் என்று கேட்டான். கூடவே புதுக் கூரை போட்ட ஒப்பந்தக்காரரின் பெயர், உரிமம், ரசீது. அப்படி யாரும் இல்லை, ஊர்க்காரர்கள் கை கொடுத்தார்கள் என்றாள். அப்படியானால் வேலை செய்த எல்லோருடைய பெயரும் விலாசமும் வேண்டும் என்றான்.

டெல்மருக்கு விஷயம் தெரிந்ததும், பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு போய் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஓடில் வாசலிலேயே மறித்தாள். அந்தப் பதினொரு பேரில் ஆறு பேர் வீட்டில் அதே தகரம், அதே ரசீது இல்லாத தகரம்.

"உங்க பேரை நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு உங்க கூரையயும் மேலேர்ந்து பாப்பாங்க, டெல்மர். என் வீடு போனா எனக்கு மட்டும்தான் போகும். பேரு மட்டும் குடுக்கச் சொல்லாதீங்க, நான் தரமாட்டேன்."

டெல்மர் முறைத்தார். முறைத்தால் மசிகிற ஆளா அவள்? இறப்புச் சான்றிதழை மட்டும் உறையில் போட்டாள். கூடவே ஒரு வரி எழுதினாள்: கண் உள்ள ஒரு மனிதனை அனுப்புங்கள், ஏணியில் ஏறிப் பார்க்கட்டும். அதில் ஒரு பிரதி காப்பீட்டுத் துறைக்கும் போனது.

மே மாதம் ஒருவன் வந்தான். டெக்சஸ்காரன், கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. ஏணி போட்டு ஏறினான், தகரத்தைத் தட்டினான், ஆணிகளை எண்ணினான், படுத்துக்கொண்டு விளிம்புக்கு அடியில் பார்த்தான். இறங்கி வந்து, என் வீட்டுக் கூரையில்கூட இவ்வளவு நெருக்கமாக ஆணி அடித்ததில்லை, யார் செய்தது என்று கேட்டான். நல்லவர்கள் செய்தது என்று சொல்லி ஓடில் அவனுக்குக் காபி கொடுத்தாள். பத்து நாளில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. கூரை குறித்த ஆட்சேபம் திரும்பப் பெறப்படுகிறது.

அன்றைக்கு ஓடில் கெளுத்தி மீன் பொரித்து வெள்ளை பீன்ஸ் சமைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். ஜெயித்தது மூன்று நாளுக்கு முகத்தில் தெரிந்தது. நானே பார்த்தேன். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் படியில் நின்று அந்த டெலிபோன் பையன் மாதிரி பேசிக் காட்டினாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்களைப் போல முட்டாள்கள் உண்டா?

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. நாலே வரி. உங்கள் காப்பீட்டைப் புதுப்பிக்க மாட்டோம். இருபத்தாறு வருடம் எங்களோடு இருந்ததற்கு நன்றி. கெடு இன்ன தேதி. காரணம் என்று ஒன்றுமே எழுதவில்லை.

ஓடில் அதை எடுத்துக்கொண்டு நேராக டானாவிடம் போனாள்.

"காரணம் எங்க? காரணமே எழுதலியே. மூணு வருஷச் சட்டம் இருக்குல்ல?"

டானா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அது போயிடுச்சு, மிஸ் ஓடில். போன வருஷமே எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தது?"

"சட்டசபையில. இப்ப எத்தனை வருஷமா இருந்தாலும் சரி, ஒரு கம்பெனி வருஷத்துக்கு நூத்துக்கு அஞ்சு பேரை வெளிய அனுப்பலாம். முதல் தடவை நீங்க வந்தப்பவே சொல்லியிருக்கணும். கூரையச் சொல்லி அனுப்பினதால அதையாவது சண்டை போட்டுப் பாக்கட்டும்னு இருந்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

ஓடில் அவளைத் திட்டவில்லை. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் முழுசாகப் புரிந்ததாம். கூரை என்று ஒரு பொய்யைச் சொன்னதால்தான் அவளால் சண்டை போட முடிந்தது. பொய்யைப் பிடிக்கலாம், ஏணி போட்டுப் பிடிக்கலாம். ஒன்றுமே சொல்லாதவனை எதைக்கொண்டு பிடிப்பது? செத்துப்போன மனிதனைச் சான்றிதழோடு அழைத்து வந்து நிறுத்தினாளே, அது எதற்கு? இரண்டு மாதம் தூக்கம் கெட்டு எழுதின கடிதங்கள் எதற்கு? அவர்களுக்குக் கூரை எப்போதுமே ஒரு பொருட்டாக இருந்ததில்லை. கெட்டுப்போன கூரையும் நல்ல கூரையும் அவர்களுக்கு ஒன்றுதான், கடல் பக்கத்தில் இருக்கிற கூரை. நினைக்க நினைக்க எனக்கே ரத்தம் கொதிக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

வேறு கதியில்லாதவர்களுக்கென்று மாநிலமே நடத்துகிற ஒரு காப்பீடு இருக்கிறது. சந்தையில் உள்ளதைவிட அதற்குக் கூடுதலாகவே விலை வைக்க வேண்டும் என்று அதற்கும் சட்டம். டானா அதற்கு மனுப் போட்டுக் கொடுத்தாள். ஓடில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வருடம் தள்ளலாம். மூன்றாவது வருடம் வீட்டை விற்க வேண்டும். கடன் முடிய இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

ஜூலையில் எங்கள் சட்டசபை உறுப்பினர் க்ளின்ட் ஆர்செனோ தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம் போட்டான். போட்டார் என்றுதான் எழுத வேண்டும், எனக்குக் கை வரவில்லை. இந்தக் கால்வாயோரத்துப் பிள்ளைதான், ஓடிலின் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவன். கூடத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தோம். நாற்காலி போதாமல் தீயணைப்பு வண்டியின் படியிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள்.

க்ளின்ட் நன்றாகத்தான் விளக்கினான். அந்த மூன்று வருடச் சட்டம் வேறு எந்த மாநிலத்திலும் இல்லாதது. ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போக முடியாது என்றால் எந்தக் கம்பெனி வரும்? புயலுக்குப் பிறகு பன்னிரண்டு கம்பெனிகள் திவாலாகின, மிச்சம் இருப்பவையும் ஓடுகின்றன. கதவைத் திறந்துவிட்டால் புதுக் கம்பெனிகள் வரும், போட்டி வரும், விலை இறங்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும். அவன் சொன்னதில் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார் பொறுப்பது, எத்தனை நாள், எந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பொறுப்பது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

ஓடில் எழுந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. படத்தைக் கொண்டு வா, நோலனைக் காட்டு என்று டெல்மர் எவ்வளவோ சொல்லியிருந்தார். என் புருஷனைக் கண்டவனெல்லாம் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டாள்.

"க்ளின்ட், நீ கை தூக்கி ஓட்டுப் போட்ட அந்தச் சட்டத்துல எத்தனை பேரை அனுப்பலாம்னு போட்டிருக்கு?"

"நூத்துக்கு அஞ்சு பேர்தான், மிஸ் ஓடில்." அவன் சிரித்த முகமாகத்தான் சொன்னான். "அதுக்கு மேல போகக் கூடாதுன்னு நாங்கதான் சண்டை போட்டு வெச்சோம்."

"சரி. அதுல ஒருத்தி நான். மிச்சம் நாலு பேரு யாரு?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. பின்வரிசையில் இறால் மீன்கடைக்கார அம்மா முதலில் கையைத் தூக்கினாள். அடுத்து தீயணைப்பு வண்டிப் படியிலிருந்து ஒருவன். பிறகு டெல்மர். டெல்மருக்கும் கடிதம் வந்திருந்தது, ஓடிலிடம்கூட அவர் சொல்லவில்லை. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, உனக்குமா என்று கேட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சேதி அது. நானும் தூக்கினேன்.

க்ளின்ட் கையமர்த்தினான். அந்தக் கணக்கு ஒரு கம்பெனிக்கு மாநிலம் முழுக்கச் சேர்த்து, இந்த ஒரு கூடத்தை வைத்து அப்படிப் பார்க்கக்கூடாது என்று விளக்க ஆரம்பித்தான். மிச்சம் தொண்ணூற்றைந்து பேர் வடக்கே மேட்டு நிலத்தில் பத்திரமாக இருக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஓடில் குரலை இறக்கினாள். அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் தெரியும்.

"மாநிலத்த விடு. இங்க எண்ணு, க்ளின்ட். நீ எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கைய எறக்க மாட்டோம்."

அவன் சுற்றிலும் பார்த்தான். பிறகு விரலை நீட்டி, முன்வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.